எந்தக் கொடிக்காக நீந்துவது?

2024 ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. எமது நாட்டிலிருந்து அதற்குச் சென்றவர்கள் ஆறே ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவரைத் திகனப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தருஷி கருணாரத்ன. எமக்கு அயலூரான மெனிக்கின்னைப் பகுதியில் உள்ள வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்தவர். 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 2002 க்குப் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுதான்.

மற்ற ஐந்து பேரில் இருவர் நீச்சல் போட்டியாளர்கள். ஆண்களுக்கான 100 மீற்றர் சாதாரண நீச்சலில் கைல் அபேசிங்கவும், பெண்களுக்கான 100 மீற்றர் மல்லாந்த நீச்சலில் கங்கா செனவிரத்னவும் கலந்துகொண்டார்கள். இவர்களின் பெயர்கள் எமது மாதாந்தக் கூட்டத்திற்கு வரும் பெண்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதில் அதிசயப்பட எதுவும் இல்லை. ஓடுவதற்கு ஒரு மைதானமும், மனம் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரும் இருந்தால் கிராமத்துப் பாடசாலையிலிருந்தும் ஒரு பிள்ளை ஆசியாவை வென்றுவிடலாம் என்பதை வலல காட்டியிருக்கிறது. நீச்சல் அப்படியல்ல. அதற்குத் தடாகம் வேண்டும். சர்வதேசப் போட்டிக்குப் போக வேண்டுமானால் 50 மீற்றர் நீளமான தடாகம் வேண்டும். விடிகாலையிலும் பின்னேரத்திலும் என்று நாளுக்கு இரண்டு தடவை பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், வாகனம் வேண்டும், செலவுக்குக் காசு வேண்டும். தடாகத்து நீரைச் சுத்தமாக வைத்திருப்பதற்கே ஒரு சிறிய பாடசாலையின் வருடச் செலவு போய்விடும்.

அதனால்தான் எமது நாட்டுக்காக நீந்துகிறவர்களில் பலர் வேறு நாடுகளில் பிறந்தவர்களாகவோ, வேறு நாடுகளின் தடாகங்களில் பழகியவர்களாகவோ இருக்கிறார்கள். கைலின் அண்ணன் மத்தியூ அபேசிங்கவை எடுத்துக்கொள்வோம். 1996 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். 2016 இல் இந்தியாவின் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஏழு தங்கப் பதக்கங்களைப் பெற்றார். அதே வருடம் ரியோ ஒலிம்பிக்கிலும், பின்னர் 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 100 மீற்றர் சாதாரண நீச்சலில் இறங்கினார். தெற்காசியாவில் ஏழு தங்கம் பெற்றவருக்கு ஒலிம்பிக்கில் முதற் சுற்றைத் தாண்ட முடியவில்லை. அவருடைய நேரம் ஐம்பது செக்கனுக்குச் சற்று அதிகம். பாரிஸில் சீன வீரர் ஒருவர் படைத்த உலக சாதனை 46.40 செக்கன். நான்கு செக்கன் என்பது நமக்கு ஒரு மூச்சு. தடாகத்தில் அது பல வருடங்களின் உழைப்பு.

இந்த அபேசிங்க சகோதரர்கள் அமெரிக்காவுக்காக நீந்த முயன்றிருந்தால் பெயர் வெளியே வந்திருக்குமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ‘அங்கே இடம் கிடைக்காதவர்கள்தான் இங்கே வருகிறார்கள்’ என்ற பேச்சு எல்லாச் சிறிய நாடுகளிலும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஒரு பிள்ளை தன் பெற்றோர் விட்டுவந்த நாட்டின் பெயரைத் தொப்பியில் எழுதிக்கொண்டு நீரில் குதிக்கும்போது, அங்கே இடம் கிடைத்ததா என்ற கணக்கு மட்டுமா அதில் இருக்கிறது?

கூட்டத்தில் எழுந்த கேள்வி

இதைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் எமது கூட்டத்தில் ஒரு தாய் கேட்ட கேள்வி. திகனயில் மாதம் ஒரு தடவை நாம் கூடுகிறோம். தோட்டத்துப் பெண்கள் வருகிறார்கள். 2018 மார்ச் மாதக் கலவரத்தில் கடையும் வீடும் எரிந்துபோன முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் வருகிறார்கள். யுத்தத்தில் கணவரை இழந்த சிங்களச் சகோதரிகள் வருகிறார்கள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பின்னர் உறவினரைத் தேடி இங்கே வந்து தங்கிவிட்டவர்களும் சிலர் இருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டவர் அவர்களில் ஒருவர். அவருடைய தங்கை தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போனவர். தங்கையின் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அங்கே ஒரு கழகத்தில் நீந்துகிறாள், மாகாண மட்டத்தில் நல்ல இடத்தில் இருக்கிறாளாம்.

“மிஸ், தங்கச்சி போனில கேட்டவள். பிள்ளை சிறிலங்காவுக்கு எண்டு நீந்தலாமோ? அங்க பிறந்த பிள்ளை. இஞ்ச ஒருக்காத்தான் வந்தவள்.”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னரே மற்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். “இந்தக் கொடியைப் பிடிக்கவோ அவ்வளவு தூரம் போனவை?” என்று வன்னியிலிருந்து வந்த இன்னொருவர் கேட்டார். அவர் இரண்டு ஆண் சகோதரர்களை இழந்தவர். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பேசப்பட்டதை ஒரு பிள்ளை சிங்களத்தில் சொல்லிக்கொடுக்க, கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்களச் சகோதரி மெதுவாகச் சொன்னார்: “என்னுடைய மனுஷனின் பெட்டிக்கு மேலேதான் நான் அந்தக் கொடியைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டு பிடித்தால் நான் டீவீயில் பார்ப்பேன்.”

பிறகு தோட்டத்து அம்மா ஒருவர் பேசினார். அறுபது வயதைக் கடந்தவர். “எங்க சின்னத்தாத்தாவுக்கும் ஒரு நாடு குடுத்தாங்க மிஸ். அவரு கண்ணால பாக்காத நாடு. தலைமன்னார்ல கப்பலேத்தி அனுப்பிட்டாங்க. அங்க போனா ‘சிலோன்காரன்’னு சொல்றாங்கன்னு கடுதாசி போட்டாரு.”

‘மூதாதையர் நாடு’ என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் ஒருவருக்குக் கொடியாகவும் இன்னொருவருக்குக் கப்பல் சீட்டாகவும் வந்து சேர்ந்திருப்பதை அந்த அம்மா சொன்ன பிறகுதான் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டார்கள். மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். மனிதர்களை இப்படிக் கணக்குப் பிரித்தவர்கள் யாரும் எங்கள் சின்னத்தாத்தாக்களிடம் எந்த நாடு விருப்பம் என்று உட்கார்ந்து கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய வசதி, தடாகத்தை விடப் பெரிய வசதி, அவள் தானே தெரிவு செய்யலாம் என்பது.

தாய் வழியிலும் உரிமை உண்டு

அந்தத் தெரிவுக்கும் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் உறவினர் உள்ள வாசகிகள் பலர் இருப்பதால் அதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒலிம்பிக் சாசனத்தின் படி, ஒருவர் எந்த நாட்டுக்காகப் போட்டியிடுகிறாரோ அந்த நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். இரண்டு நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தால் விரும்பிய ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆனால் ஒரு நாட்டுக்காக ஒலிம்பிக்கிலோ, உலக அல்லது பிராந்தியப் போட்டியிலோ ஒருமுறை இறங்கிவிட்டால், பிறகு மற்ற நாட்டுக்கு மாறுவதற்குப் பொதுவாக மூன்று வருடங்கள் காத்திருக்க வேண்டும். நீந்துகிற பிள்ளைக்கு மூன்று வருடம் என்பது மிக நீண்ட காலம். கழகப் போட்டியும் பாடசாலைப் போட்டியும் இந்தக் கணக்கில் வராது. ஆகவே கனடாவில் மாகாண மட்டத்தில் நீந்தியிருப்பது அந்தப் பிள்ளைக்குத் தடையல்ல.

இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிப்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மாத்திரமே இந்தியாவுக்காக விளையாடலாம் என்று 2008 இல் அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. இலங்கை இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கிறது.

இனி முக்கியமான விடயம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் வம்சாவளிப் பிரஜாவுரிமை தகப்பன் வழியாகவே வந்தது. தாய் இலங்கையராக இருந்தும் தகப்பன் இலங்கையரல்லாவிட்டால் பிள்ளைக்கு உரிமை இல்லை. தாய் சுமந்து பெற்ற பிள்ளைக்குத் தாயின் நாடு சொந்தமில்லை என்பதாக ஐம்பத்தைந்து வருடங்கள் சட்டம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் தாய்க்கும் தந்தைக்கும் சமமான இடத்தைக் கொடுத்தது. அதே 2003 இல்தான், நாடற்றவர்களாக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஒரே வருடத்தில் வந்த இரண்டு சட்டங்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருடைய வாழ்க்கையை அவை தொட்டிருக்கின்றன. அதை அவர்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த உரிமை கிடைக்க வேண்டுமானால், பிள்ளை பிறந்தபோது தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்னரே இருவரும் கனடாப் பிரஜாவுரிமை எடுத்து, இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறாமல் இருந்திருந்தால் வழி கடினம். பதிவு செய்வதற்கு வயதெல்லையும் உண்டு. ஆகவே பிள்ளைகள் வளரும்வரை காத்திராமல் அந்தந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை நீந்தினாலும் நீந்தாவிட்டாலும் இந்தப் பதிவு பிற்காலத்தில் காணி, உறுதி விடயங்களுக்கும் உதவும்.

இவ்வளவையும் விளக்கிய பிறகும் அந்தச் சகோதரியின் கேள்வி, இரண்டு சகோதரர்களை இழந்தவரின் கேள்வி, அப்படியே இருந்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பது அதற்குப் பதில் இல்லை.

காஸாவின் பெயரோடு ஒரு பெண்

அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அதே கேள்வியோடு நீருக்குள் இறங்கிய சிலரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அதை இங்கேயும் எழுதுகிறேன்.

பாலஸ்தீனம் 1995 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் சேர்ந்தது. 1996 இல் அட்லான்டாவில் முதன்முதலாகக் கலந்துகொண்டது. அதன் சார்பில் 2016 இல் ரியோவுக்குச் சென்ற நீச்சல் வீராங்கனை மேரி அல்-அத்ராஷ். பெத்லகேம் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பழகக் கிடைத்தது 25 மீற்றர் தடாகம் மாத்திரமே. அதாவது ஒலிம்பிக் தடாகத்தில் பாதி. சில கிலோமீற்றர் தூரத்தில் ஜெருசலேமில் 50 மீற்றர் தடாகங்கள் இருந்தன. ஆனால் அங்கே போவதற்கு இஸ்ரேலின் அனுமதிப் பத்திரம் வேண்டும். காவலரண்களும் ‘பாஸ்’ நடைமுறையும் என்னவென்று எமது வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாதித் தடாகத்தில் பழகிய பிள்ளை முழுத் தடாகத்தில் இறங்கும்போது என்ன நடக்கும் என்று பயிற்சியாளர் ஒருவரிடம் கேட்டேன். அரைவாசியில் சுவரைத் தொட்டு உதைத்துத் திரும்புவது ஒரு சிறிய ஓய்வு மாதிரியாம். அந்த ஓய்வு கிடைக்காதபோது உடம்பு அதைத் தேடுமாம்.

மேரி சொந்த மண்ணில் இருந்தார், தடாகம் இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்குத் தடாகம் இருந்தது, சொந்த மண்ணில் வாழக் கிடைக்கவில்லை. யஸான் அல்-பவ்வாப் சவூதி அரேபியாவில் பிறந்து, துபாயில் வளர்ந்து, கனடாவில் பொறியியல் படித்தவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் பாலஸ்தீனத்துக்காக நீந்தினார். நெஞ்சில் பாலஸ்தீனக் கொடியை வரைந்துகொண்டு பாரிஸ் தடாகத்துக்கு வந்த அவர், தன் நாட்டில் பயிற்சிக்கு வசதி இல்லை என்பதைச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

வலெரி தராஸி அமெரிக்காவில் வளர்ந்தவர். அலபாமா மாநிலத்தில் உள்ள ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கே நீந்திப் பழகியவர். அவருடைய தந்தை வழிக் குடும்பம் காஸாவின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களுள் ஒன்று. 2023 ஒக்டோபரில் யுத்தம் தொடங்கிய சில நாட்களிலேயே, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த சென் போர்ஃபிரியஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்தது. தேவாலயத்தில் தஞ்சம் புகுவது, அங்கேயும் குண்டு விழுவது. நவாலியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை வாசிக்கும்போது ஒரு கணம் நிற்பார்கள். அந்த யுத்தத்தில் தன் உறவினர்களும் கொல்லப்பட்டதாக வலெரி சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம், 2024 ஜூலை 26 ஆம் திகதி, சீன் நதியில் படகுகளில் நடந்த தொடக்க விழாவில், குத்துச்சண்டை வீரர் ஒருவருடன் சேர்ந்து பாலஸ்தீனக் கொடியைப் பிடித்து வந்தார். அந்த அணியில் இருந்தவர்கள் எட்டுப் பேர்.

வலெரி இறங்கியது 200 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலில். வண்ணத்துப்பூச்சி, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், சாதாரண நீச்சல் என்று நான்கு வகையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டத்தில் நீந்த வேண்டும். அரையிறுதிக்கு அவர் தெரிவாகவில்லை. தெரிவாவார் என்று எதிர்பார்த்தவர்களும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அமெரிக்காவில். பிழைப்புக்குப் பாலஸ்தீனக் கொடி அவருக்குத் தேவையில்லை. ஆனாலும் பந்தய ஒழுங்கையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த நாட்டின் பெயர் திரையில் விழுந்தது. நீந்தி முடித்தவர்களின் நேரங்களோடு அந்தப் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது.

கொடி இல்லாமல் நீந்திய ஒருவரையும் சொல்ல வேண்டும். யுஸ்ரா மர்தினி சிரியாவின் டமஸ்கஸ் நகரப் பெண். 2015 இல், பதினேழு வயதில், அக்காவோடு துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவொன்றுக்கு றப்பர் படகில் போனபோது நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. சகோதரிகள் இருவரும் வேறு சிலரும் நீரில் குதித்துப் படகின் பாரத்தைக் குறைத்து, மூன்று மணித்தியாலங்களுக்கும் மேலாக அதனோடு நீந்திக் கரை சேர்த்தார்கள். அடுத்த வருடம் ரியோவில் முதன்முதலாக அமைக்கப்பட்ட அகதிகள் அணியில் பத்துப் பேரில் ஒருவராக அவர் நீந்தினார். சொந்த நாட்டின் பெயரில் அவர் அப்போது நீந்தவில்லை. டோக்கியோவிலும் அகதிகள் அணிக்காகவே நீந்தினார்.

ஆக, மூன்று பெண்கள். ஒருவர் மண்ணில் இருந்து நீந்தினார், ஒருவர் மண்ணுக்கு வெளியே இருந்து அதன் பெயரில் நீந்தினார், ஒருவர் நாட்டின் பெயரை விட்டு நீந்தினார். இதில் யார் சரி என்று எங்கள் கூட்டத்தில் வாதம் நடந்தது. தேநீர் ஆறிப்போகும்வரை நடந்தது. இரண்டு சகோதரர்களை இழந்தவர் கடைசியில், “அந்தக் காஸாப் பிள்ளைக்குக் கொடி எது எண்டதில குழப்பம் இல்லை. எங்கட பிள்ளைக்கு அதுதானே குழப்பம்” என்றார். நான் கேட்டவற்றுள் ஆகவும் நேர்மையான சொல் அது. எனது எண்ணம் இவ்வளவுதான்: அந்தக் குழப்பத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. தாயும் பெரியம்மாவும் நடந்ததைச் சொல்லட்டும். கேட்டுவிட்டு அவள் கனடாவுக்காக நீந்தினாலும் இலங்கைக்காக நீந்தினாலும், அதை ஒருவரும் துரோகம் என்று பெயர் வைக்காமல் இருக்கட்டும். அந்தப் பெயரை வைத்து வைத்தே நாம் இழந்த பிள்ளைகள் போதும்.

ஓர் ஆண், ஒரு பெண்

சிறிய நாடுகளின் நீச்சல் வீரர்கள் ஒலிம்பிக்குக்கு எப்படிப் போகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிர்ணயிக்கப்பட்ட நேரத்துக்குள் நீந்துகிறவர்கள் நேரடியாகத் தகுதி பெறுவார்கள். அப்படி ஒருவரும் இல்லாத நாட்டுக்கு, உலகப் பொதுமை என்ற அடிப்படையில், ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்ப இடம் தரப்படுகிறது. அவர்கள் உலக நீச்சல் போட்டியில் கலந்துகொண்டவர்களாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. இலங்கை நீச்சல் அணியில் ரியோவிலிருந்து பாரிஸ் வரை ஒவ்வொரு முறையும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போயிருப்பதைக் கவனித்தால் விளங்கும்.

அந்த இரண்டு இடத்தில் ஒன்று பெண்ணுக்கு உரியது. கேட்டுப் பெற வேண்டியதில்லை. எமது நாட்டில் பாராளுமன்றத்தில்கூட அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. ஆனால் அந்த ஒரு இடத்துக்குப் போட்டி போடக்கூடிய சிறுமிகள் எத்தனை பேர்? கொழும்பின் பெரிய பாடசாலைகளிலும் வெளிநாடுகளிலும் நீந்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைகள் சிலவற்றிலும் தடாகம் உண்டு. கிளிநொச்சியிலோ, மூதூரிலோ, எங்கள் ராஜவெல்லைத் தோட்டத்திலோ ஒரு பிள்ளைக்கு நீச்சலில் திறமை இருந்தால் அது அவளுக்கே தெரியவராது.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. விக்டோரியா நீர்த்தேக்கம் திகனப் பெண்களின் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. 122 மீற்றர் உயரமான அணை, 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய கட்டிடங்களின் எச்சம் வெளியே தெரியும்போது, ‘அது எங்கள் வீடு இருந்த பக்கம்’ என்று கைகாட்டும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யுத்தம் இல்லாமலேயே ஊரை இழந்தவர்கள் அவர்கள். அந்தத் தண்ணீரின் கரையில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. “ஆம்பளப் புள்ளைங்க போய் வுழுந்து நீந்திப் பழகிக்குவாங்க மிஸ். எங்கள கால நனைக்க வுடமாட்டாங்க” என்றார் ஒரு தோட்டத்துத் தாய்.

கடற்கரையிலும் இதே கதைதான். 1954 இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இந்தியாவுக்கு நீந்திப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலங்கள். பிறகு 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். இந்தப் பெயர்களைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் அதே கரையில் அவர்களோடு பிறந்த அக்கா தங்கச்சிமார் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போயிருப்பார்களா? 2004 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி அதே நீரிணையைக் கடந்த பெண் புலா சௌத்ரி. வங்காளத்துப் பெண்.

அந்த 2004 இன் கடைசியில் சுனாமி வந்தது. அதன் பின்னர் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்துக் கணக்கு இருக்கிறது. அங்கே இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. காரணங்களில் ஒன்று, பெண்களுக்கு நீந்தவும் மரமேறவும் பழக்கப்படவில்லை என்பது. கையில் பிள்ளை, உடம்பில் நனைந்து சுற்றிக்கொண்ட சேலை. அதற்குப் பிறகு எமது தென் கரையில் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற பிரித்தானியப் பெண், உள்ளூர்ப் பெண்களுக்கு இலவசமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கற்றுக்கொண்ட பெண்கள் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொடுப்பது என்பதால் வீடுகளில் எதிர்ப்பும் குறைந்தது.

ஒலிம்பிக்கில் தொடங்கி சேலையில் வந்து நிற்கிறேன் என்று வாசகிகள் நினைக்கலாம். கூட்டத்திலும் பேச்சு அப்படித்தான் வந்து நின்றது. கனடாவில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தொடங்கியவர்கள், ‘எங்கட பிள்ளைகளுக்கு எங்கே பழக்குவது’ என்பதில் வந்து முடித்தார்கள். போட்டியைப் பற்றிய கனவு ஒருவருக்கும் இல்லை. ஆற்றில் விழுந்தால் கரைக்கு வரத் தெரிய வேண்டும், அவ்வளவே.

உடுப்பைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். முஸ்லிம் சகோதரி ஒருவர், கை கால் முழுவதும் மூடுகிற லைக்ரா நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, தன் உறவினர் வீட்டுப் பிள்ளை கொழும்பில் அதைப் போட்டுக்கொண்டுதான் பழகுகிறாள் என்றார். பழகுவதற்கு அது போதும். தளர்ந்த பருத்தித் துணி நீரை உறிஞ்சிப் பாரமாகிவிடும் என்பதால் அதைத்தான் தவிர்க்க வேண்டும். சல்வார், சோல் எல்லாம் தண்ணீருக்குள் ஆபத்து. பெரியபிள்ளையான பின் மாதத்தில் சில நாள் என்ன செய்வது என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த நாட்களில் விருப்பமில்லாவிட்டால் இறங்கத் தேவையில்லை. அதற்காக முழுவதையும் நிறுத்தவும் தேவையில்லை. சொல்லிக்கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் பிள்ளை அதை வாய் திறந்து சொல்லும்.

தடாகம் உள்ள ஒரு பாடசாலைக்கு, சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் தர முடியுமா என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பெண் பயிற்றுநர் ஒருவர் தன் பஸ் செலவை மட்டும் தந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். பாடசாலையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்பதால் அன்றே எழுதத் தொடங்கினோம். பதினொரு சிறுமிகளின் பெயர்கள் சேர்ந்தன. நான்கு தமிழ்ப் பிள்ளைகள், நான்கு முஸ்லிம் பிள்ளைகள், மூன்று சிங்களப் பிள்ளைகள்.

பட்டியலை மூடப்போனபோது கனடாக்காரப் பிள்ளையின் பெரியம்மா எழுந்து வந்து, தன்னுடைய பெயரையும் எழுதச் சொன்னார். வயது என்ன போடுவது என்று கேட்டேன். “நாப்பத்தெட்டு எண்டு போடுங்கோ மிஸ். ஆரும் சிரிச்சால் சிரிக்கட்டும்” என்றார்.